நமக்கு எவ்வளவு தெரியும்? இயற்கைப் பருத்தி அறிவை அளக்கும் விதம்



பருத்தி போடும் ஊர்களுக்குக் கேள்வித்தாளோடு ஆட்கள் வருவது நமக்குப் புதிது இல்லை. வேளாண்மைக் கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள். தொண்டு நிறுவனப் பணியாளர்கள் வருகிறார்கள். இயற்கைப் பருத்தி வாங்குகிற கம்பெனிக்காகவும் சிலர் வருகிறார்கள். "வீட்டுல ஆம்பளைங்க இல்லையாம்மா?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. இருந்தால் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டு எழுதிக்கொள்வார்கள். நாம் தண்ணீரோ டீயோ கொடுத்து அனுப்புவோம். பிறகு அந்தத் தாள் எங்கே போனது, அதில் என்ன மார்க் விழுந்தது என்று யாரும் திரும்பி வந்து சொல்வதில்லை.

ஆனால் அந்த மார்க்குக்கு வேலை இருக்கிறது. எந்த ஊருக்குப் பயிற்சி, எதைப் பற்றிப் பயிற்சி, யாரைக் கூப்பிடுவது என்பதை எல்லாம் அதை வைத்து முடிவு செய்கிறார்கள். "இந்தப் பகுதி விவசாயிகளுக்குப் பூச்சி பற்றித் தெரியும், உரம் பற்றித் தெரியாது" என்று அறிக்கை போனால், அடுத்த வருஷம் உரப் பயிற்சிதான் வரும். நமக்கு வேண்டியது பருத்தி எடுப்பு பற்றிய பயிற்சியாக இருந்தாலும் வராது. அதனால் அறிவை எப்படி அளக்கிறார்கள் என்று நாமும் தெரிந்துகொள்வோம். தெரிந்தால் வருகிறவர்களிடம் நாமும் இரண்டு கேள்வி கேட்கலாம். நம் குழுவில் நாமே அளந்தும் பார்க்கலாம்.

ஒருவருக்குத் தெரியாவிட்டால் எல்லோருக்கும் நட்டம்

சாதாரணப் பருத்தியில் ஒருவருக்கு ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் அவர் காட்டில் மகசூல் குறையும். அத்தோடு போச்சு. இயற்கைப் பருத்தியில் அப்படி இல்லை. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் தனியாகச் சான்று வாங்கச் செலவு தாங்காது. மத்திய அரசு 2001-ல் தொடங்கிய தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் கீழ், சிறு விவசாயிகள் பலர் சேர்ந்து குழுவாகச் சான்று வாங்க வழி இருக்கிறது. நம் மாநிலத்தில் கோயம்புத்தூரில் இருக்கும் அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறையும் சான்று தருகிறது. தனியார் நிறுவனங்களும் தருகின்றன. ('அங்ககம்' என்று அரசு எழுதுவதைத்தான் நாம் 'இயற்கை' என்கிறோம்.)

குழுச் சான்றில், குழுவே தன் ஆட்களில் சிலரை உள் ஆய்வாளராக வைத்து ஒவ்வொரு வயலையும் பார்த்துப் பதிவேடு எழுத வேண்டும். வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் சில வயல்களை மட்டும் எடுத்துச் சோதிப்பார். நம் குழுக் கடன் மாதிரிதான் இதுவும். ஒருவர் தவணை தவறினால் வங்கியில் எல்லோர் பெயரும் கெடுகிறது அல்லவா? ஒரு காட்டில் தடை செய்த மருந்து அடித்தது தெரிந்தால், கேள்வி குழுவின் மேல்தான் வரும். பஞ்சு எல்லாம் ஒன்றாகக் கலந்த பிறகு தெரிந்தால் இன்னும் கஷ்டம்.

தப்பு செய்கிறவர்கள் எல்லாம் வேண்டும் என்று செய்வதில்லை. தெரியாமல் செய்வதே அதிகம். 2002-ல் நம் நாட்டில் பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தார்கள். இப்போது விதைக்கும் பருத்தியில் பெரும்பகுதி அதுதான். கடையில் போய் "நல்ல பருத்தி விதையா கொடுங்கண்ணே" என்றால் அதைத்தான் எடுத்து நீட்டுவார். மரபணு மாற்றிய அந்த விதை இயற்கைச் சாகுபடியில் கூடவே கூடாது. சிவப்பு, நீலச் சாயத்தோடு வரும் விதையில் பெரும்பாலும் இரசாயன மருந்து பூசியிருக்கும். அதுவும் ஆகாது. விதையின் மேல் ஒட்டியிருக்கும் பஞ்சை நீக்கக் கந்தக அமிலம் போடுவது வழக்கம். இயற்கை முறையில் அதற்குப் பதில் சாணிப்பாலில் செம்மண்ணோ சாம்பலோ குழைத்துத் தேய்த்து நிழலில் காய வைக்க வேண்டும்.

அடுத்த வீட்டுக்காரரிடம் கைத்தெளிப்பான் இரவல் வாங்கிப் பஞ்சகவ்யா அடிப்போம். அவர் நேற்று அதில் என்ன மருந்து அடித்தார்? நாம் கேட்பதில்லை. எடுத்த பருத்தியைப் பழைய யூரியா சாக்கில் அமுக்கிக் கட்டுவோம். மாறுகாலம் என்று ஒன்று இருப்பதும் பலருக்குத் தெரியாது. பருத்தி போன்ற ஒரு பருவப் பயிருக்கு விதைப்புக்கு முன் 2 வருஷம் இரசாயனம் இல்லாமல் காட்டைப் பார்த்துக்கொண்ட பிறகுதான் விளைவதை இயற்கைப் பருத்தி என்று விற்கலாம். முதல் வருஷமே கூடுதல் விலை வரும் என்று நம்பிச் சேர்ந்துவிட்டு, வராதபோது மனம் நொந்து விலகியவர்கள் உண்டு. நல்லது என்று நம்பித்தான் சேர்ந்தார்கள். தெரியவேண்டியதைத்தான் யாரும் சொல்லவில்லை.

கேள்வித்தாள் எப்படித் தயாராகிறது?

வேளாண் விரிவாக்கம் படித்தவர்கள் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். முதலில் நிறையக் கேள்விகளைச் சேர்க்கிறார்கள். நிலம் தேர்வு, விதை, விதை நேர்த்தி, எரு, களை, பூச்சி, நோய், எடுப்பு, சேமிப்பு, சான்று என்று பிரிவு பிரிவாக எழுதுகிறார்கள். பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப் புத்தகத்திலிருந்து எடுப்பார்கள், அனுபவசாலிகளிடம் கேட்பார்கள். விஷயம் தெரிந்தவர்களிடம் காட்டி வேண்டாததைத் தள்ளுவார்கள். பிறகு, உண்மையான ஆய்வு நடக்கப்போகும் ஊர் இல்லாமல் வேறு ஊரில் சிலரிடம் கேட்டுப் பார்ப்பார்கள். இந்த ஒத்திகையில் அவர்கள் சோதிப்பது விவசாயியை அல்ல, கேள்வியை. நல்ல கேள்வியா, கெட்ட கேள்வியா என்று பார்க்கிறார்கள்.

கேள்வியில் நல்லது கெட்டது எப்படித் தெரியும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வட்டிக் கணக்குப் போடுகிற நமக்கு இது பெரிய விஷயம் இல்லை.

60 பேரிடம் கேட்டதாக வைத்துக்கொள்வோம். மொத்த மார்க்கை வைத்து மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி, பத்துப் பத்துப் பேராக ஆறு கூட்டமாகப் பிரிக்கிறார்கள். மேலே இருக்கும் இரண்டு கூட்டம், அதாவது 20 பேர், நன்றாகத் தெரிந்தவர்கள். கீழே இருக்கும் இரண்டு கூட்டம், இன்னொரு 20 பேர், அவ்வளவாகத் தெரியாதவர்கள். நடுவில் இருப்பவர்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

முதல் கேள்வி: "தொழு உரம் மண்ணுக்கு நல்லதா?" மேலே 20 பேரும் சரி, கீழே 20 பேரும் சரி. வித்தியாசம் பூஜ்யம். இந்தக் கேள்வி யாரையும் பிரித்துக் காட்டவில்லை. கேட்டும் பிரயோஜனம் இல்லை.

இரண்டாவது கேள்வி: "100 லிட்டர் தெளிப்புக்கு எத்தனை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு?" மேலே 17 பேர் சரியாக 5 கிலோ என்றார்கள். கீழே 5 பேர்தான் சொன்னார்கள். வித்தியாசம் 12. அதை 20-ஆல் வகுத்தால் 0.60. நல்ல கேள்வி. தெரிந்தவரையும் தெரியாதவரையும் முறத்தில் போட்டுப் புடைத்த மாதிரி பிரித்துவிடுகிறது.

மூன்றாவது கேள்விதான் நாம் கவனிக்க வேண்டியது. "பருத்தியைக் காலை 10, 11 மணிக்குள் எடுத்துவிட வேண்டும். சரியா, தவறா?" தாளில் உள்ள விடை 'சரி'. வெயில் ஏறிவிட்டால் காய்ந்த இலையும் சருகும் நொறுங்கிப் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும். லேசான ஈரப்பதம் இருக்கும்போது எடுத்தால் ஒட்டாது. ஆனால் வருஷக்கணக்கில் பருத்தி எடுத்த ஒரு அக்கா என்ன சொல்வார்? "பனி கொட்டுற மாசத்துல விடிஞ்சதும் போய் எடுத்தா பஞ்சு நனைஞ்சிருக்கும்மா. அப்படியே மூட்டை கட்டினா நிறம் மாறிப்போகும். பனி வத்தணும், இல்லேன்னா நிழல்ல உலர்த்தணும்." அவர் யோசித்து யோசித்துக் கடைசியில் 'தவறு' என்று சொல்லிவிடுவார். அரைகுறையாகத் தெரிந்தவர் பட்டென்று 'சரி' என்பார். மேலே 8 பேர் சரி, கீழே 12 பேர் சரி. வித்தியாசம் கழித்தலில் 4, அதாவது மைனஸ் 0.20. தெரிந்தவர்கள் தோற்று, தெரியாதவர்கள் ஜெயிக்கிற கேள்வி இது. ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் இப்படிப்பட்ட கேள்வியைத் தூக்கிவிடுவார்கள், அல்லது "வெயில் ஏறிய பிறகு எடுத்தால் என்ன கெடும்? பனியோடு எடுத்தால் என்ன செய்ய வேண்டும்?" என்று மாற்றி எழுதுவார்கள். ஒத்திகை பார்க்காமல் நேரே ஊருக்குள் வருகிறவர்கள் அந்த அக்காவுக்கு முட்டை மார்க் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

'சரியா, தவறா' கேள்விக்கு இன்னொரு குறையும் உண்டு. 20 கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னாலே 10 சரியாக வர வாய்ப்பு இருக்கிறது. நாலு படம் காட்டி ஒன்றைத் தொடச் சொன்னால், குருட்டாம்போக்கில் 5-தான் கிடைக்கும். எவ்வளவு, எப்போது, ஏன் என்று கேட்டால் ஊகம் நடக்காது.

சில தாள்களில் "இயற்கை விவசாயம் நல்லது என்று நினைக்கிறீர்களா?" என்றும் கேட்டு, 'ஆமாம்' என்றால் ஒரு மார்க் போடுகிறார்கள். இது அபிப்பிராயம். அறிவுக் கணக்கில் இதைச் சேர்க்கக் கூடாது.

தராசு சரியா?

பருத்தி வியாபாரி வந்தால் மூட்டையைத் தூக்கி வைப்பதற்கு முன் நாம் தராசைப் பார்ப்போம் அல்லவா? முள் நடுவில் நிற்கிறதா, ஒரே மூட்டையை இரண்டு தடவை வைத்தால் ஒரே எடை காட்டுகிறதா என்று பார்ப்போம். கேள்வித்தாளுக்கும் அதே சோதனைதான். ஒரே ஆளிடம் சில நாள் கழித்துத் திரும்பக் கேட்டால் கிட்டத்தட்ட அதே மார்க் வர வேண்டும். அல்லது ஒற்றைப்படைக் கேள்விகளின் மார்க்கையும் இரட்டைப்படைக் கேள்விகளின் மார்க்கையும் தனித்தனியே கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். இதை நம்பகத்தன்மை என்கிறார்கள்.

ஆனால் தராசு சரியாக இருந்தால் மட்டும் போதாது. பருத்தியை எடை போட வேண்டிய இடத்தில் பருத்தியோடு கல்லையும் சேர்த்து எடை போட்டால் தராசு என்ன செய்யும்? "ஒருங்கிணைந்த ஊட்டச்சத்து மேலாண்மை பற்றித் தெரியுமா?" என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் தெரியாது என்போம். அதையே "கிடை போட்ட காட்டுல அதுக்கப்புறம் என்னென்ன போடுவீங்க, எப்போ போடுவீங்க?" என்று கேட்டால் பத்து நிமிஷம் பேசுவோம். முதல் கேள்வி அளந்தது நம் பருத்தி அறிவை அல்ல. புத்தகத் தமிழ் எவ்வளவு தெரியும் என்பதைத்தான்.

இன்னொன்று. கரிசல் காட்டுப் பாட்டிமார்களுக்குக் கருங்கண்ணிப் பருத்தி பற்றித் தெரியும். அது நம் நாட்டு இனம், வறட்சி தாங்கும், சாறு உறிஞ்சும் பூச்சி அதை அவ்வளவாகப் படுத்தாது. பருத்திக்குள் உளுந்து, பாசிப்பயறு ஊடுபயிராக எந்த இடைவெளியில் போட்டால் இரண்டும் தேறும் என்று அவர்கள் கண்ணாலேயே சொல்வார்கள். இவ்வளவு தெரிந்திருந்தும் தாளில் அந்தக் கேள்வி இல்லையென்றால் மார்க் இல்லை. இயற்கை முறைக்குப் பி.டி. இல்லாத விதையைத் தேடி அலைகிற இந்தக் காலத்தில், இந்த அறிவுக்கு மார்க் இல்லாமல் போவது நமக்குச் சரியாகப் படவில்லை.

எல்லோரும் 'நடுத்தரம்' ஆகும் மாயம்

அறிக்கைகளைப் படித்துப் பார்த்தால் ஒரு வரி அடிக்கடி வரும்: "பெரும்பாலான விவசாயிகளின் அறிவு நடுத்தர அளவில் உள்ளது." இதைக் கேட்டு நாமும் பரவாயில்லை என்று நினைத்துக்கொள்வோம். இந்த 'நடுத்தரம்' எப்படி வருகிறது தெரியுமா? பலர் செய்வது இதுதான். எல்லோர் மார்க்கையும் கூட்டிச் சராசரி எடுப்பார்கள். சராசரியை ஒட்டிக் கொஞ்சம் மேலேயும் கொஞ்சம் கீழேயும் இருப்பவர்கள் நடுத்தரம், அதற்கு மேலே உயர்வு, கீழே தாழ்வு. இப்படிப் பிரித்தால் எந்த ஊரிலும் பெரும்பாலும் நடுவில்தான் கூட்டம் இருக்கும்.

ஒரு ஊரில் 20 கேள்விக்குப் பலரும் 5, 6, 7 என்று வாங்குகிறார்கள். சராசரி 6. பெரும்பாலோர் நடுத்தரம். இன்னொரு ஊரில் 15, 16, 17 வாங்குகிறார்கள். சராசரி 16. அங்கேயும் பெரும்பாலோர் நடுத்தரம். இரண்டு ஊருக்கும் ஒரே வரிதான் அறிக்கையில். முதல் ஊருக்கு அவசரமாகப் பயிற்சி வேண்டும் என்பது அந்த வரிக்குள் புதைந்து போகிறது. அதனால் யாராவது முடிவைச் சொல்ல வந்தால், நடுத்தரமா உயர்வா என்று கேட்காதீர்கள். "20-க்கு எத்தனை? எந்தக் கேள்வியில எத்தனை பேருக்குத் தெரியலை?" என்று கேளுங்கள். ஆளுக்கு ஆள் மார்க்கைவிடக் கேள்விக்குக் கேள்வி கணக்குத்தான் நமக்கு உதவும். 20 பேரில் 14 பேருக்கு மாறுகாலம் பற்றித் தெரியவில்லை என்று தெரிந்தால், அடுத்த கூட்டத்தில் எதைப் பேச வேண்டும் என்று நமக்கே விளங்கிவிடும்.

யாரிடம் கேட்கிறார்கள்?

இதுதான் நமக்கு முக்கியமான விஷயம். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விவசாயி என்று எடுத்துக்கொள்கிறார்கள். குழுச் சான்றுப் பட்டியலிலும் அவர் பெயர்தான். கேள்வியும் அவரிடம்தான்.

காட்டில் வேலை எப்படி நடக்கிறது? விதைக்குச் சாணிப்பால் தேய்ப்பது யார்? விதை ஊன்றுவது யார்? களை எடுப்பது யார்? பஞ்சகவ்யாவைக் காலையும் மாலையும் கலக்கி விடுவது யார்? வேப்பங்கொட்டை பொறுக்கிக் காயவைத்து இடிப்பது யார்? பருத்தி எடுப்பதும் தரம் பிரிப்பதும் யார்? நம் பகுதியில் இவற்றில் பெரும்பாலானவை பெண்கள் கை வேலை. அந்த வேலைகளில் என்ன தெரியும், என்ன தெரியாது என்று வேலையே செய்யாதவரிடம் கேட்டு மார்க் போட்டால், அது யாருடைய மார்க்?

இதில் இரண்டு விதத்தில் நமக்கு நட்டம். நமக்குத் தெரிந்தது கணக்கில் வருவதில்லை. நமக்குத் தெரியாததும் கணக்கில் வருவதில்லை. இரண்டாவதுதான் அதிக ஆபத்து. எடுப்பு பற்றி ஆண் விவசாயி எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லிவிடுவார். மலர்ந்து விரிந்த காயில்தான் எடுக்க வேண்டும், கொட்டுப் பருத்தியைத் தனியே போட வேண்டும், துணிச் சாக்கில்தான் கட்ட வேண்டும் என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். "இவருக்குத் தெரியும், பயிற்சி தேவையில்லை" என்று எழுதிக்கொள்வார்கள். எடுப்பதோ கூலிக்கு வரும் பத்துப் பெண்கள். தலைமுடி பஞ்சில் விழாமல் பருத்தித் துணியால் தலையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. பிளாஸ்டிக் சாக்கின் இழை ஒன்று பஞ்சில் கலந்தால் மில்லில் நூலாகி, துணியாகி, சாயம் போட்ட பிறகும் அந்த இடத்தில் சாயம் ஏறாமல் தனியாகத் தெரியும். அதனால் விலையைக் குறைக்கிறார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. காலையில் ஒரு சாதாரணப் பருத்திக் காட்டிலும் மத்தியானம் இயற்கைப் பருத்திக் காட்டிலும் அதே மடித்துணியோடு எடுக்கிறார்கள். நிலம் இல்லாத இந்தச் சகோதரிகள் எந்த விவசாயிகள் பட்டியலிலும் இல்லை. ஆனால் அந்த வருஷத்துப் பருத்தியின் தரம் கடைசியில் அவர்கள் விரலில்தான் இருக்கிறது.

ஆகவே கேள்வித்தாளோடு வருகிறவர்களிடம் மரியாதையாகவே சொல்லுவோம்: "சார், எடுப்பு, விதை, களை பத்தின கேள்வியை எங்ககிட்ட கேளுங்க. அவரையும் கேளுங்க, எங்களையும் தனியா கேளுங்க." தனியாக என்பது முக்கியம். கணவர், மாமனார் பக்கத்தில் இருந்தால் நாம் பாதி சொல்லி நிறுத்திவிடுவோம். கணவன், மனைவி இருவரிடமும் ஒரே கேள்விகளைத் தனித்தனியே கேட்டு ஒப்பிட்டால், எந்த வேலையில் அறிவு ஒருவரிடமும் கை இன்னொருவரிடமும் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

தெரியும், ஆனால் செய்யலை

தெரிந்ததை எல்லாம் செய்துவிடுகிறோமா? வரப்பில் தட்டைப்பயறு போட்டால் பொறிவண்டு வரும் என்று தெரியும். ஆமணக்கும் செண்டுமல்லியும் ஓரத்தில் போட்டால் புழுவின் தாய்ப்பூச்சி அங்கே போய் முட்டை வைக்கும், நாம் பார்த்துப் பொறுக்கி அழிக்கலாம் என்றும் தெரியும். செய்தோமா என்றால், "விதை கிடைக்கலைங்க", "மாடு மேஞ்சிருச்சுங்க", "அவரு ஒத்துக்கலைங்க" என்று காரணம் வரும். இவை உண்மையான காரணங்கள். அறிவு மார்க்கை மட்டும் பார்க்கிறவர், செய்யாததைக் கண்டதும் "இவங்களுக்குத் தெரியலை" என்று முடிவு கட்டி இன்னொரு பயிற்சி நடத்துவார். வேண்டியதோ பயிற்சி இல்லை, கால் கிலோ தட்டைப்பயறு விதை.

அதனால் எந்தக் கேள்வித்தாளிலும் 'தெரியுமா' என்பதற்குப் பக்கத்தில் 'போன வருஷம் செய்தீர்களா' என்றும், இல்லையென்றால் 'எதனால்' என்றும் ஒரு கட்டம் இருக்க வேண்டும்.

நம் குழுவிலேயே செய்து பார்ப்போம்

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஊக்குநரும் பிரதிநிதியும் சேர்ந்து 15 கேள்வி தயார் செய்தால் போதும். முடிந்தவரை வாயால் கேட்பதைக் குறைத்து, பொருளை முன்னால் வையுங்கள்.

ஒரு கண்ணாடி பாட்டிலில் பொறிவண்டின் புழுவைப் பிடித்து வையுங்கள். கறுப்பாக, முள்முள்ளாக, பார்க்க அருவருப்பாக இருக்கும். "இது நல்லதா கெட்டதா, கண்டா என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். முழு வண்டைத் தெரிந்தவர்களில் பலருக்கும் புழுவைத் தெரியாது. நசுக்கிப் போடுவார்கள். அசுவினியைத் தின்று நமக்கு வேலை செய்கிற பூச்சி அது. அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ உள்ள இலைகளையும் பறித்து வையுங்கள். பெயர் சொல்லத் தெரிய வேண்டியதில்லை. எதற்கு என்ன செய்வது என்று தெரிந்தால் போதும்.

ஒரு வாளியில் 10 லிட்டர் தண்ணீர், பக்கத்தில் பஞ்சகவ்யா, அளவு போட்ட குவளை. "ஒரு டேங்குக்கு அளந்து ஊத்துங்க" என்று சொல்லுங்கள். நூற்றுக்கு மூன்று பங்கு என்பதால் 300 மில்லி ஊற்ற வேண்டும். 'மூன்று சதவீதம்' என்று வாயால் சரியாகச் சொல்லும் சிலர் கையால் அரை லிட்டர் ஊற்றுவதைப் பார்ப்பீர்கள். சொல்லத் தெரியாத சிலர் சரியாக ஊற்றுவதையும் பார்ப்பீர்கள்.

துணிச் சாக்கு, யூரியா சாக்கு, சணல் சாக்கு மூன்றையும் வைத்து எதில் கட்டுவது, ஏன் என்று கேளுங்கள். கடையில் வாங்கிய விதைப் பை ஒன்றின் அட்டையைக் காட்டி, இது நமக்கு ஆகுமா என்று கேளுங்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளை ஒன்றை அட்டையைப் படித்துக்காட்டச் சொல்லலாம்.

ஒருவர் பதிலை இன்னொருவர் பார்த்துச் சொன்னால் கணக்குக் கெட்டுவிடும். ஒவ்வொருவராகத் தனியே கூப்பிடுங்கள். நேரம் இல்லையென்றால் இரண்டு சொப்பு வைத்து, கண்ணை மூடிக்கொண்டு புளியங்கொட்டை போடச் சொல்லுங்கள். யாருக்கு எத்தனை மார்க் என்று கூட்டத்தில் வாசிக்க வேண்டாம். அப்படி வாசித்தால் அடுத்த கூட்டத்துக்கு நாலு பேர் வரமாட்டார்கள். எந்தக் கேள்வியில் எத்தனை பேர் சரி என்று மட்டும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். பாதிப் பேருக்கு மேல் தவறு செய்த கேள்வி எதுவோ, அதுதான் அடுத்த கூட்டத்தின் பாடம். அதே பாடத்துக்குத்தான் பயிற்சி வேண்டும் என்று ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு மூலம் எழுதிக் கேளுங்கள். "எங்கள் குழுவில் 20 பேரில் 14 பேருக்கு இது தெரியவில்லை" என்று எண்ணோடு போகிற கடிதத்துக்கு மதிப்பு வேறு.

கூலிக்கு எடுக்க வருகிற சகோதரிகள் குழுவில் இல்லாவிட்டாலும் அன்றைக்கு மட்டும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மானாவாரிக்குப் புரட்டாசியில் விதைப்பு என்பதால் ஆவணிக் கூட்டத்தில் ஒரு தடவை, எடுப்பு முடிந்த பிறகு ஒரு தடவை, அதே கேள்விகளை வரிசை மாற்றிக் கேட்டால் போதும். வேப்பங்கொட்டைக் கேள்வியை மட்டும் ஆனிக் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். 5 கிலோ பருப்பை இடித்து 10 லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும் என்பதை ஆவணியில் தெரிந்துகொண்டு என்ன செய்வது? உதிர்ந்த கொட்டை எல்லாம் அதற்குள் மண்ணோடு போயிருக்கும்.